பேக்பைப்பை எப்படிக் கேட்பது, கூட என்ன பீர் குடிப்பது: பர்ன்ஸ் இரவுக்குப் போகிறவருக்கு

கேள்வி இதுதான். கிளாஸ்கோவுக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கிறவர் ஜனவரி 25 அன்று தன் வீட்டில் நடக்கும் பர்ன்ஸ் சப்பருக்கு, அதாவது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்துக்கு, அழைத்திருக்கிறார். நண்பர்களில் ஒருவர், பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியமான பேக்பைப் வாசிப்பாராம், ஆளுக்கு இரண்டு மூன்று கிராஃப்ட் பீர் கொண்டுவர வேண்டுமாம். "எனக்கு பேக்பைப் என்றாலே ஒரே இரைச்சலாகத்தான் கேட்கிறது. பீரில் ஊரில் குடித்த லாகரைத் தவிர ஒன்றும் தெரியாது. போய் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வர மனமில்லை. எப்படி ரசிப்பது? கில்ட் வாடகைக்கு எடுத்துக் கட்டலாமா?"

நல்ல கேள்வி. நானும் இங்கே வந்த முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு சின்னக் குழுவோடு சேர்ந்து பேக்பைப்பின் விரல்குழலான சேன்டர் கற்றுக்கொள்ளத் தொடங்கி, இப்போது 8 வருடமாக ஜனவரி கடைசியில் அவர்களோடுதான் சாப்பாடு. அதனால் தெரிந்ததை விரிவாகவே எழுதுகிறேன். பேக்பைப்பிலிருந்து தொடங்குகிறேன், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பீர் எளிது.

நாதஸ்வரக் கச்சேரியில் பக்கத்தில் ஒருவர் ஒத்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, நினைவிருக்கிறதா? இப்போது பெரும்பாலும் சுருதிப்பெட்டி வந்துவிட்டது, ஆனால் அந்த ஒத்துதான் பேக்பைப்பைத் திறக்கும் சாவி. பேக்பைப் வாசிப்பவரின் தோள்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று குழல்களுக்கு ட்ரோன் என்று பெயர், அவை மூன்றும் ஒத்துதான், வேறொன்றுமில்லை. இரண்டு சின்னவை டெனர், ஒரு நீளமானது பேஸ். பாட்டு வருவது விரல் வைத்து வாசிக்கும் சேன்டரில். டெனர் இரண்டும் சேன்டரின் சட்ஜமத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்கும், பேஸ் இரண்டு ஸ்தாயி கீழே. தம்பூராவில் போல பஞ்சமத்துக்கென்று தனித் தந்தி கிடையாது, மூன்றும் சட்ஜமமேதான். ஆனால் சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் யாரும் வாசிக்காத ஒரு பஞ்சமம் மேலே மிதப்பது உங்களுக்கே கேட்கும். அது பேஸ் ட்ரோனுக்குள்ளேயே இருக்கும் மேல்சுரம். நான் அதை முதல் தடவை கேட்ட நாளிலிருந்துதான் இந்த வாத்தியம் எனக்குப் பிடித்துப்போனது.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். அவர் வாசிக்கத் தொடங்கியதும் பாட்டைத் தேடாதீர்கள். முதல் அரை நிமிடம் ட்ரோனை மட்டும் கேளுங்கள், பாட்டு தானாக அதன்மேல் வந்து உட்காரும். முடிந்தால் அவர் சுருதி சேர்க்கும்போதே பக்கத்தில் நில்லுங்கள். இரண்டு டெனரும் கொஞ்சம் விலகியிருந்தால் 'வவ்வவ்வவ்' என்று ஓர் அதிர்வு கேட்கும். குழலின் இணைப்பைச் சிறிது ஏற்றி இறக்க அந்த அதிர்வு மெதுவாகி, மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். நின்ற அந்த நொடியில் மூன்று குழலும் ஒரே குரலாகிவிடும். இதைக் கவனித்தவருக்கு அப்புறம் பேக்பைப் இரைச்சலாகக் கேட்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

இரைச்சல் என்று தோன்றுவதற்கு இன்னொரு காரணம், இந்த வாத்தியத்தில் இடைவெளியே இல்லை, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. நாதஸ்வரத்தில் சீவாளி வாய்க்குள் இருக்கிறது, துத்துகாரம் போட்டு ஒரு சுரத்தை வெட்டலாம், அழுத்தலாம், விடலாம். பேக்பைப்பில் சீவாளி மரத்துக்குள்ளே மறைந்திருக்கிறது. வாய் ஊதுவது பைக்குள், பையை அழுத்துவது கை, காற்று நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், நாக்குக்கு அங்கே வேலை கிடையாது. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு தடவை வாசிப்பது எப்படி? நடுவில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வேறொரு விரலைத் தூக்கி இறக்கி வெட்ட வேண்டும். அந்தக் குட்டிச் சுரங்களுக்கு கிரேஸ் நோட் என்று பெயர். அழுத்தம் தருவதும், பிரிப்பதும், தாளத்தைக் காட்டுவதும் எல்லாமே அவைதான். பேர்ல், டப்ளிங், கிரிப் என்று ஒவ்வொரு கோவைக்கும் பெயர் உண்டு. ஒரு பேர்லை ஒழுங்காக வாசிக்கவே எனக்கு ஏழெட்டு மாதம் பிடித்தது. அன்று வாசிக்கிறவரின் வலது கைச் சுண்டுவிரலைப் பாருங்கள், எவ்வளவு உழைப்பு இருக்கிறது என்பது தெரியும்.

சுரங்கள் மொத்தம் 9. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர் என்றால் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கீழ் நிஷாதத்தில் தொடங்கி மேல் சட்ஜமம் வரை போகும் ஹரிகாம்போஜி, பழந்தமிழ்ப் பண்களில் செம்பாலை. இந்தச் சுரங்களை ட்ரோனோடு இசையும்படி வைத்திருக்கிறார்கள், பியானோவின் இடங்களில் இல்லை. அதனால் பியானோ, கீபோர்டில் பழகிய காதுக்கு ஒன்றிரண்டு சுரம் 'தப்பாக' ஒலிக்கும், நம் காதுக்கு அந்தத் தொந்தரவு குறைவு. தாளில் 'ஏ' என்று எழுதியிருக்கும் சட்ஜமம் உண்மையில் ஒலிப்பது பி ஃபிளாட்டுக்கும் சற்று மேலே, அதாவது நம் கணக்கில் ஆறரைக் கட்டையைத் தாண்டி. அவர் 'ஏ' என்கிறாரே என்று நம்பி யாராவது கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்தால் சேராது.

நீங்கள் கேட்கப் போவதில் பெரும்பகுதி மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல் என்று நடைக்கும் ஆட்டத்துக்குமான சின்ன மெட்டுகளாகத்தான் இருக்கும். ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் இவற்றைச் சின்ன இசை என்பார்கள். பெரிய இசை வேறு, அதற்குப் பெயர் கியோல் மோர், பீப்ரோக் என்றும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் பேக்பைப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது. ஓர் உருப்படி 10 நிமிடம் போகும், சில 20 நிமிடம்கூட. முதலில் ஊர்லர் என்று ஒரு மெட்டு மிக மெதுவாக வரும். ஊர்லர் என்றால் கேலிக்கில் தரை. அந்தத் தரையின்மேல் ஒவ்வொரு சுற்றாக அலங்காரம் ஏறும், தோர்லுவ, பிறகு க்ரூன்லுவ என்று விரல்வேலை அடர்ந்துகொண்டே போய், உச்சியில் நின்று, எல்லாவற்றையும் உதறிவிட்டு மறுபடி அந்த வெறும் தரைக்கே வந்து முடியும். அந்தத் திரும்புதலைக் கேட்கும்போது மனசு என்னவோ செய்யும். அதுவே முதல் தடவை வந்த மெட்டுதான், ஆனால் அதே மெட்டாகக் கேட்காது.

இதை எழுதிவைக்காமல் தலைமுறை தலைமுறையாக எப்படிக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? வாயால் பாடி. கான்டராக் என்று ஒரு முறை. ஒவ்வொரு சுரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓர் அசை, குரு அந்த அசைகளைப் பாட சீடன் திருப்பிப் பாடி, அப்புறம்தான் விரல். தவில்காரர் சொற்கட்டை வாயால் சொல்லிக் கொடுப்பதை நேரில் பார்த்தவருக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. ஸ்கை தீவில் டன்வேகன் கோட்டையின் மக்லியட் தலைவர்களுக்குப் பரம்பரை வாசிப்பாளர்களாக இருந்த மக்ரிம்மன் குடும்பம் இந்தப் பெரிய இசைக்குப் பேர்போனது, போரெரேக்கில் அவர்களிடம் படிக்க மற்ற குலத்தலைவர்கள் தங்கள் ஆட்களை அனுப்பியிருக்கிறார்கள். அன்று உங்கள் நண்பரிடம் "ஓர் ஊர்லர் மட்டும் வாசிக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். விருந்தில் அதை யாரும் கேட்பதில்லை. அவர் முகம் மலர்ந்துவிடும்.

விருந்தில் யாராவது "கலோடனுக்குப் பிறகு ஆங்கிலேயர் பேக்பைப்பைத் தடை செய்தார்கள்" என்று சொல்வார்கள், எப்போதும் ஒருவர் சொல்வார். கலோடன் என்பது ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்றப் போராடிய ஜாகோபைட்டுகள் 1746இல் தோற்ற போர். 1746இன் சட்டம் ஆயுதத்தையும் ஹைலேண்ட் என்னும் மலைநாட்டின் உடையையும் தடுத்தது, உடைத்தடை 1782 வரை நீடித்தது, ஆனால் சட்டத்தின் வாசகத்தில் பேக்பைப் கிடையாது. அதே சமயம் ஜாகோபைட் படையில் வாசித்த ஜேம்ஸ் ரீட் என்பவரை அதே 1746இல் யார்க்கில் தூக்கிலிட்டார்கள். அவருடைய பேக்பைப் போர்க்கருவியாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது என்ற கதையின் வேர் அங்கே இருக்கிறது. அந்த மனிதர் உயிரைக் கொடுத்திருக்கிறார், அதனால் திருத்த நினைத்தால் மெதுவாகத் திருத்துங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். ஹைலேண்ட் பைப், அதாவது இதுவரை சொன்ன பேக்பைப், வெளியில், மலைச்சரிவில் வாசிக்கச் செய்தது, மூடிய அறையில் 100 டெசிபலைத் தாண்டும். கிளாஸ்கோவின் அடுக்குமாடி வீடு என்றால் சமையலறையிலிருந்து மேசை வரை ஓரிரண்டு நிமிடம் வாசித்துவிட்டு நிறுத்திக்கொள்வார், அதற்குமேல் பக்கத்து வீட்டுக்காரரும் தாங்கமாட்டார். சாப்பாட்டுக்குப் பிறகு பெரும்பாலும் ஸ்மால்பைப் என்னும் சின்ன வகை வெளியே வரும். இதற்கு வாயால் ஊத வேண்டாம், வலது கையிடுக்கில் சின்னத் துருத்தி ஒன்று காற்றைத் தள்ளும். குரல் தணிந்து, தேன் மாதிரி இருக்கும், வயலினோடு சேரும், வாய் சும்மா இருப்பதால் வாசித்துக்கொண்டே பேசலாம், பாடலாம். கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்த இதை 1980களில் சிலர் பழைய கருவிகளைப் பார்த்து அளந்து மறுபடி செய்து உயிர்ப்பித்தார்கள். பப்களில் பலர் கூடி வாசிக்கும் செஷன்களில் இன்று நீங்கள் கேட்பது பெரும்பாலும் இதுவோ இதன் உறவான பார்டர் பைப்போதான்.

சரி, பீருக்கு வருவோம்.

பேக்பைப்புக்கு ட்ரோன் மாதிரி ஸ்காட்லாந்து பீருக்கு மால்ட், அதாவது முளைகட்டி வறுத்த பார்லி. இப்போது உலகம் முழுக்க கிராஃப்ட் பீர் என்றால் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ, பழவாசனை, கசப்பு என்றாகிவிட்டது, இங்கேயும் அப்படிப்பட்டவை நிறைய உண்டு, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் இந்த ஊரின் பழைய சுவை மால்ட்டில்தான் இருக்கிறது. கடைப் பலகையில் 60, 70, 80 என்று எண்ணைப் போட்டு '/-' குறியைப் பார்ப்பீர்கள், அது ஷில்லிங். ஒரு காலத்தில் பெரிய பீப்பாய்க்கு என்ன விலையோ அதையே பீருக்குப் பெயராக வைத்தார்கள். விலை கூடக் கூடப் பலமும் கூடும். 60 லைட், 70 ஹெவி, 80 எக்ஸ்போர்ட். லைட் என்பது நிறத்தைச் சொல்வதல்ல, பலத்தைத்தான் சொல்கிறது, லைட்டே கருப்பாகவும் இருக்கலாம். இவற்றுக்கு மேலே வீ ஹெவி, சின்ன பாட்டிலில் வரும் பலமான பீர்.

நீங்கள் வாங்கிப்போக நான் சொல்வது முதலில் ட்ராக்வேர் ஹவுஸ் ஏல், ஆல்கஹால் 7.2 சதவீதம். ஏல் என்பது லாகரிலிருந்து வேறான பழைய பீர் வகை. ட்ராக்வேர் ஸ்காட்லாந்திலேயே தொடர்ச்சியாக ஆள் குடியிருக்கும் மிகப் பழைய வீடு. அந்த வீட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த பீர் வடிக்கும் அறையை 1965இல் அப்போதைய வீட்டுக்காரர் சுத்தம் செய்து மறுபடி வடிக்கத் தொடங்கினார், இன்றும் ஓக் மரத் தொட்டிகளில்தான் புளிக்கவைக்கிறார்கள். கிராஃப்ட் பீர் என்ற சொல்லே புழக்கத்துக்கு வராத காலம் அது. குடித்தால் கருப்பட்டி, பேரீச்சம்பழம், கொஞ்சம் மரவாசனை. அதே வீட்டின் ஜாகோபைட் ஏல் 8 சதவீதம், அதில் கொத்தமல்லி விதை போடுகிறார்கள்! மேசையில் ஒரு தமிழர் அதை எடுத்து வைத்துவிட்டு, தனியா எங்கள் ரசத்திலும் குழம்பிலும் என்ன செய்கிறது என்று சொன்னால் பேச்சு அரைமணி நேரம் ஓடும். அந்த வீட்டின் கரடிச் சிலை வாசற்கதவு 1745இல் இளவரசர் சார்ல்ஸ் போன பிறகு மூடியது, ஸ்டூவர்ட் மன்னர் ஒருவர் திரும்ப வரும்வரை திறக்கமாட்டோம் என்பது அவர்கள் வைத்திருக்கும் வாக்கு. இன்னும் திறக்கவில்லை.

இரண்டாவதாக ஃப்ராக். அலோவாவிலிருந்து வரும் ஹெதர் ஏல். ஹாப்ஸ் வராத காலத்தில் மலைமேல் பூக்கும் ஹெதர் பூவையும் சதுப்பில் வளரும் ஒரு நறுமணச் செடியையும் போட்டு வடித்த முறையைப் பின்பற்றிச் செய்தது, 5 சதவீதம், லேசாகப் பூவாசனை. பலமில்லாமல் ஒன்று வேண்டுமென்றால் ஃபைன் ஏல்ஸ் என்ற ஆலையின் ஜார்ல், 3.8 சதவீதம்தான், எலுமிச்சை மாதிரி துள்ளும், இது ஹாப்ஸ் பக்கத்து பீர், உப்பிட்டுப் புகைபோட்ட சால்மனோடு அருமை. ஆர்க்னி தீவுகளின் ஸ்கல் ஸ்ப்ளிட்டர் 8.5 சதவீதம், வாங்கினால் ஒரு பாட்டிலை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக் குடியுங்கள். கரி, புகை எல்லாம் அடிக்கும் 'ஸ்காட்டிஷ் ஏல்' என்று வெளிநாட்டு டப்பா எதையாவது பார்த்தால் விட்டுவிடலாம். பீட் என்னும் சதுப்புநிலக் கரியின் புகை இங்கே விஸ்கிக்கு உரியது, ஷில்லிங் ஏல்களின் மரபில் அது இல்லை.

குடிக்கும் விதமும் முக்கியம். ஊர் வெயிலுக்கு ஐஸ் மாதிரி குளிர்ந்த லாகர் சரி, இங்கே வீ ஹெவியை அப்படிக் குடித்தால் இனிப்பும் வாசனையும் கட்டிப்போய்விடும். ஃப்ரிட்ஜிலிருந்து அரைமணி நேரம் முன்பே எடுத்து வைத்து, 12, 13 டிகிரிக்கு வந்ததும், வைன் கிளாஸிலோ வயிறு அகன்ற கிளாஸிலோ பாதி மட்டும் ஊற்றி, முதலில் முகர்ந்து, சின்ன வாயாகக் குடியுங்கள். விருந்தின் முக்கிய உணவான ஹாகிஸின் மிளகுக் காரத்துக்கு 80 ஷில்லிங் வகைதான் பொருத்தம் என்பது என் கருத்து. சிலர் ஓட்ஸ் போட்ட கருப்பு பீரான ஓட்மீல் ஸ்டவுட் என்பார்கள், அதுவும் நன்றாகவே இருக்கும்.

இந்த ஊர் பீருக்கும் நம் கரைக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கப்பலேறிய ஐபிஏ, அதாவது இந்தியா பேல் ஏல், என்றால் எல்லோரும் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரைச் சொல்வார்கள், ஆனால் எடின்பரோவிலிருந்தும் ஏராளமாகப் போனது. அங்கே கிடைத்த கடினநீர் அதற்கு ஏற்றதாக இருந்தது. 1869இல் தொடங்கிய கலிடோனியன் ப்ரூவரி அந்த நகரத்துப் பழைய ஆலைகளில் கடைசிவரை நின்றது, அதையும் 2022இல் மூடிவிட்டார்கள். நேரடி நெருப்பில் காயும் செப்புப் பாத்திரங்கள் அங்கே இருந்தன. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

பப்புக்குப் போனால் ரவுண்ட் முறை. நம் ஊரில் ஒருவர் "இன்னைக்கு என் ட்ரீட்" என்று மொத்தமாகக் கொடுப்பார், இங்கே ஆளுக்கு ஒரு சுற்று. நாலு பேர் உட்கார்ந்திருந்தால் உங்கள் முறை வரும்போது யாரும் சொல்லாமலே எழுந்து "யாருக்கு என்ன?" என்று கேட்க வேண்டும். நீங்கள் ஜூஸ் குடித்தாலும் சுற்றில் சேரலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். கிளாஸ்கோக்காரர் 'ஹாஃப் அன்ட் எ ஹாஃப்' என்றால் அரை பைன்ட் பீரும் பக்கத்தில் ஒரு சின்ன விஸ்கியும். மது வேண்டாம் என்றால் ஐயர்ன் ப்ரூ இருக்கவே இருக்கிறது, 1901லிருந்து வரும் ஆரஞ்சு நிற சோடா, இவர்களுக்கு அதன்மேல் பாசம் அதிகம். இரண்டு சட்டத்தை நினைவில் வையுங்கள். கடைகளில் காலை 10 முதல் இரவு 10 வரைதான் மது விற்பார்கள், கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 2014 டிசம்பரிலிருந்து இங்கே வண்டியோட்டும் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தின் 80ஐ விடக் குறைவு. வீ ஹெவி குடிக்கிற இரவு கார் வீட்டிலேயே நிற்கட்டும், மறுநாள் காலையும் யோசித்து எடுங்கள்.

இனி விருந்து. ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் அலோவேயில் பிறந்து 1796இல் 37 வயதில் இறந்துபோன கவிஞர். உழவுக் குடும்பம். ஜனங்கள் பேசும் ஸ்காட்ஸ் மொழியிலேயே எழுதினார். கடைசி வருடங்களில் வயிற்றுப்பாட்டுக்குக் கலால் துறையில் வேலை பார்த்தார், பீப்பாய்களை அளந்து வரி போடும் வேலை. அவர் இறந்து 5 வருடம் கழித்து, 1801 ஜூலையில், நண்பர்கள் 9 பேர் அவர் பிறந்த வீட்டில் கூடினார்கள். அந்த வீடு அப்போது ஏல் விற்கும் கடையாக மாறியிருந்தது. ஹாகிஸ் சாப்பிட்டார்கள், அவருடைய ஹாகிஸ் கவிதையை வாசித்தார்கள், கிளாஸைத் தூக்கினார்கள். அந்த வழக்கம்தான் பிறகு பிறந்தநாளுக்கு மாறி இன்று உங்களை அழைத்திருக்கிறது. போன நண்பரை நினைத்து ஏல் கடையில் கூடிய ஒன்பது பேரின் சாப்பாடு இது, அரசோ கோயிலோ தொடங்கிவைத்ததல்ல. எனக்கு இந்த விருந்தில் மிகப் பிடித்த விஷயமும் அதுதான்.

நடக்கும் முறை வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் ஹாகிஸ் வரும்போது எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். முன்னால் வாசிப்பவர், பின்னால் தட்டோடு சமைத்தவர், நீங்கள் தாளத்துக்கு மெதுவாகக் கைதட்டினால் போதும். ஒருவர் கவிதை சொல்லுவார், கத்தி வரும் வரியில் உண்மையிலேயே கத்தியை இறக்கிக் கிழிப்பார், உள்ளேயிருந்து ஆவியோடு சூடாகத் தெறிக்கும், மிகக் கிட்டே நிற்காதீர்கள். முடிந்ததும் கிளாஸைத் தூக்கி "தி ஹாகிஸ்!" என்பது வழக்கம். மற்ற நேரங்களில் "ஸ்லாஞ்ச வா", நல்ல ஆரோக்கியம் என்று பொருள். ஹாகிஸைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ஆட்டு இதயம், ஈரல், நுரையீரல், ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகு. ஈரலும் குடலும் வாங்கிச் சமைக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு முதல் கவளத்திலேயே பழகிவிடும். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மக்ஸ்வீன் என்ற ஹாகிஸ் நிறுவனம் 1984இல் எடின்பரோவின் கவிதை நூலகத் திறப்புக்காகச் செய்த சைவ ஹாகிஸ் அப்போதிலிருந்தே கடையில் கிடைக்கிறது, பருப்பும் ஓட்ஸும் போட்டது, அதுவும் ருசிதான்.

கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் மடிப்புப் பாவாடை, வாடகைக்கு எடுத்துக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கட்டலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள், குலம் சாராத டார்ட்டன்கள், அதாவது கட்டம் போட்ட துணிகள், உண்டு. நல்ல கில்ட்டில் 8 கெஜத் துணி இருக்கும், ஒரு சேலையைவிட நீளம், அத்தனையும் கம்பளி, மடிப்பெல்லாம் பின்னால். முன்னால் குத்தும் ஊசியை மேல் துணியில் மட்டும் குத்துங்கள், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் கிழியும், தொங்கலும் கெடும். ஆனால் வேட்டி சட்டையில் போனால் அதைவிடச் சந்தோஷப்படுவார்கள் என்பது என் அனுபவம். மேலே நல்ல கோட் போட்டுக்கொள்ளுங்கள், ஜனவரி.

கண்டிப்பாக ஒன்று தயாராக வைத்திருங்கள்: ஒரு பாட்டு, ஒரு கதை, ஏதாவது. கெய்லி (ceilidh) என்ற கேலிக் சொல்லுக்கு இன்று ஆட்டம் என்று அர்த்தமாகிவிட்டது. அடிப்படையில் அது ஒருவர் வீட்டுக்கு மற்றவர்கள் போய்க் கூடுவது, வந்தவர் ஒவ்வொருவரும் தன் பங்குக்கு எதையாவது கொடுப்பது. இரவு பத்து மணி வாக்கில் "நீங்கள்?" என்று உங்கள் பக்கம் திரும்புவார்கள். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியிடம் கேட்ட தாலாட்டோ ஏற்றப்பாட்டோ நாலு வரி பாடிவிட்டு அர்த்தம் சொல்லுங்கள். நான் முதல் தடவை பாடியது தாலாட்டுதான். வாசிப்பவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஸ்மால்பைப்பில் ட்ரோனை மட்டும் மெல்லத் திறந்து எனக்குச் சுருதி பிடித்தார். அந்த இரவை நான் மறக்கவில்லை.

வாசிப்பவருக்கு, வாசிக்கும் முன் பீர் ஊற்றிக் கொடுக்காதீர்கள். உதட்டுப் பிடி தளர்ந்தால் காற்று கசியும், காற்று ஏறி இறங்கினால் ட்ரோன் விலகும், அவர் ஒரு மணி நேரம் முன்பு சேர்த்த சுருதி போய்விடும். முடிந்த பிறகு கொடுங்கள், ஹாகிஸை அழைத்து வந்தவருக்கு ஒரு சின்ன விஸ்கி கொடுப்பது மரபும்கூட.

உங்களுக்கே கற்றுக்கொள்ள ஆசை வந்தால் முழு பேக்பைப்பை வாங்கி விடாதீர்கள். என் நண்பர் ஒருவர் இணையத்தில் மலிவாக ஒன்றை வாங்கினார். சுவரில் மாட்டத்தான் ஆயிற்று, சுருதி நிற்கவே இல்லை. நல்லது ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்தது, ஆயிரம் பவுண்டைத் தாண்டும். முதல் வருடம் முழுக்கப் பயிற்சி சேன்டர் போதும், சின்ன மேசைக்குழல், பக்கத்து அறைக்குக்கூடத் தொந்தரவில்லை. கிளாஸ்கோவிலேயே நேஷனல் பைப்பிங் சென்டர் இருக்கிறது, வகுப்பும் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் உலக பைப் பேண்ட் போட்டி, அதைத் தவறவிடாதீர்கள். கனடா, ஆஸ்திரேலியா, அயர்லாந்திலிருந்தெல்லாம் வருவார்கள், 1987இல் கனடாக்காரர்கள் முதல் பரிசையே கொண்டுபோனார்கள். வட்டமாக நின்று வாசிக்கும் ஒரு பேண்டின் முதுகுப் பக்கம் போய் நின்று இருபது பேரின் ட்ரோன் ஒரே கோடாக நிற்பதைக் கேளுங்கள். மாலையில் முடிவு சொன்ன பிறகு பீர் கூடாரத்தில் தோற்றவரும் ஜெயித்தவரும் கலந்து நின்று வாசிப்பார்கள்.

கடைசியில் எல்லோரும் வட்டமாக நின்று பர்ன்ஸின் பாட்டான ஓல்ட் லாங் ஸைன் பாடுவார்கள். தொடக்கத்திலேயே கைகளைக் குறுக்கே கோத்துவிடாதீர்கள், முதலில் சாதாரணமாகக் கைபிடித்து நிற்க வேண்டும், கடைசிச் செய்யுள் வந்த பிறகுதான் குறுக்கே மாற்றிப் பிடிப்பது.

அது முடிந்து கோட்டு தேடும் நேரத்தில் வாசிப்பவர் சமையலறையில் பேக்பைப்பைப் பிரித்து ஈரம் துடைத்துக்கொண்டிருப்பார். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை வளரும். அதைச் சுவாசித்து நுரையீரல் கெட்டு ஒருவர் இறந்ததை 2016இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது, அதனால் எவ்வளவு களைத்திருந்தாலும் துடைக்காமல் தூங்கமாட்டார்கள். அப்போது பக்கத்தில் போய் சேன்டர் சீவாளியைக் காட்டச் சொல்லுங்கள். நாணல்தட்டை இரண்டைச் சீவி நூலால் கட்டியது, மிகச் சின்னது. ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் இப்போதே சொல்லி நாதஸ்வரச் சீவாளி ஒன்றை வாங்கிவரச் செய்யுங்கள், விலை அதிகமில்லை. பீரோடு சேர்த்து அதையும் கொண்டுபோய் அவர் கையில் கொடுங்கள்.